"அவனுக்கு மட்டும் ஏன் மிஸ்?" – மாலை வகுப்புல நியாயத்தைப் பழக்குறது எப்படி?

பென்னாகரம்_மாலைவகுப்பு (கேள்வி)

வணக்கம். பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமத்துல சாயங்காலம் 5 மணியிலிருந்து 6.30 வரை தன்னார்வலரா வகுப்பு நடத்துறேன். 18 பிள்ளைங்க, ஒண்ணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரை கலந்து இருக்காங்க. படிப்போட சேர்த்து, பங்கிட்டுக்கிறது, முறை வெச்சுக்கிறது, தேவை அதிகமா இருக்கிறவங்களுக்கு விட்டுக்கொடுக்கிறது, இதையெல்லாம் பழக்கணும். "எல்லாரும் சமம்"னு கோரஸா சொல்ல வெச்சுடலாம். சொன்ன கையோட சாக்பீஸுக்கு அடிச்சுக்குறாங்க.

மூணு இடத்துல மாட்டுது. வாசிப்புல பின்தங்கின ரெண்டு பேருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தா மத்தவங்க சண்டைக்கு வர்றாங்க, அந்த ரெண்டு பேரும் கூச்சத்துல ஒதுங்குறாங்க. கூட்டுறது, பாய் சுருட்டுறது எல்லாம் பொம்பளப் பிள்ளைங்க தலையிலதான் விழுது. தண்ணி டம்ளர் விஷயத்துல சில வீட்டுல ஏதோ சொல்லி அனுப்புறாங்க, எதுன்னு புரிஞ்சிருக்கும். செலவில்லாம 15–20 நிமிஷத்துல செய்யிற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. பேச்சுப்போட்டி வசனம் வேண்டாம்.

காரிமங்கலம்_கரும்பலகை

அக்கா, கூடுதல் நேரத்தை ஆளுக்குக் கொடுக்காதீங்க, ஒரு இடத்துக்குக் கொடுங்க. ஓரமா ஒரு பாய் போட்டு "உதவிப் பாய்"னு பேர் வெச்சுடுங்க. கணக்கு இடிக்குதோ, எழுத்து தடுக்குதோ, யாரு வேணாலும் வந்து உட்காரலாம். உட்கார்ந்தா 5 நிமிஷம் மிஸ் அவங்களுக்கு மட்டும். ஆனா முதல் நாள் அதுல முதல்ல உட்காருறது நல்லாப் படிக்கிற பிள்ளையா இருக்கணும். அதுக்குன்னே ஒரு கஷ்டமான கணக்கைக் கொடுத்து வர வைங்க. பின்தங்கின பிள்ளை முதல்ல உட்கார்ந்தா அன்னைக்கே அது "மக்குப் பாய்" ஆயிடும், அப்புறம் அந்தப் பேரை நீங்க எடுக்கவே முடியாது. முதல் வாரம் எல்லாரும் அதுல ஏறத் துடிப்பாங்க. தடுக்காதீங்க. புதுசு தீர்ந்ததும் தேவைப்படுறவங்க மட்டும் வருவாங்க. அந்த ரெண்டு பேரு ஒரே நாள்ல மூணு தடவை வந்தாலும் யாரும் கணக்குப் பார்க்க மாட்டாங்க, ஏன்னா வழி எல்லாருக்கும் திறந்திருக்கு.

செயல்பாடுன்னா, பல நாட்டு ஆசிரியர்களும் செய்யிற "ஒரே பிளாஸ்திரி" விளையாட்டிலிருந்து தொடங்கலாம். செய்தித்தாளை 2 செ.மீ அகலம், 6 செ.மீ நீளத்துக்கு 18 துண்டா வெட்டிக்கங்க, ஒட்டுறதுக்குச் சோத்துப் பசை போதும். 18 சீட்டு எழுதுங்க: முட்டி சிராய்ப்பு, காதுவலி, காலில் முள், கண்ணில் தூசி, காய்ச்சல், பசி. நாலு சீட்டுல "ஒண்ணுமில்லை"ன்னு இருக்கட்டும். படிக்கத் தெரியாத பிள்ளைக்காகப் பக்கத்துலயே படமும் போட்டுடுங்க. ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்ததும், எல்லாருக்கும் வலது முழங்கையில ஒரு துண்டு ஒட்டிக்கிட்டே போங்க, முகத்துல சிரிப்பு காட்டக்கூடாது. "மிஸ், எனக்குக் காது!"ன்னு ஒருத்தன் கத்துவான். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கொடுத்தேன், அப்புறம் என்ன குறை?"ன்னு கேட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுங்க. பதிலை அவங்களே கண்டுபிடிக்கட்டும்.

பல பேரு இதோட நிறுத்திடுறாங்க, அங்கதான் கெடுது. ஒண்ணாம் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மிஸ் கோமாளித்தனம் பண்ணினதுதான் ஞாபகம் நிக்கும். உடனே ரெண்டாவது சுற்று வைங்க: ஒரு சொம்பு தண்ணி, ஈரத்துணி, காகிதத் துண்டு, இட்லி படம் எல்லாம் நடுவுல வெச்சு, அவங்கவங்க சீட்டுக்கு எது வேணும்னு பக்கத்துல இருக்கிறவன் எடுத்துக் கொடுக்கணும். தானே எடுக்கக்கூடாது. "ஒண்ணுமில்லை" சீட்டுக்காரங்கதான் கவனிக்க வேண்டியவங்க. அவங்க கையில எதுவும் இருக்காது. "உனக்கு ஒண்ணும் கிடைக்கலையே, கோபமா?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் தோளைக் குலுக்கிடுவாங்க. தேவை இல்லாதப்ப கிடைக்கலைன்னா குறையில்லைன்னு உதவிப் பாயைப் பத்திப் பேசவேண்டிய இடம் அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்க வீட்டுல என்ன இல்லை?", "உனக்கு என்ன வலி?"ன்னு நிஜத்தைக் கேட்டுடாதீங்க. ராத்திரி சாப்பிடலைன்னு ஒரு பிள்ளை 17 பேர் முன்னால சொல்லிட்டா, மறுநாள் தெருவுல அது கேலியா திரும்பி வரும். சீட்டு எடுக்கிறதே அதுக்குத்தான்.

அடுத்த வாரத்துக்குக் கயிறு விளையாட்டு வெச்சுக்கங்க. மூணு பசங்க வேலிக்கு வெளியே பெட்டி மேல ஏறி நின்னு ஆட்டம் பார்க்கிற படம் ஒண்ணு இணையத்துல சுத்துது, பயிற்சிகள்லயும் அதைத்தான் காட்டுறாங்க. எனக்கு அதுல ஒரு உறுத்தல் உண்டு: குறை குட்டையான பையன்கிட்ட இருக்கிற மாதிரி ஆயிடுது, வேலியை யாரும் கேள்வி கேக்குறதில்லை. அதனால ரெண்டு தூணுக்கு நடுவுல கயிறு கட்டி, காகித மாங்கா 18 தொங்கவிடுங்க. மாங்காயோட அடி சுமார் 160 செ.மீ உயரத்துல இருக்கட்டும். அஞ்சாம் வகுப்புப் பிள்ளை எக்கினா தொடணும், ஒண்ணாம் வகுப்பு குதிச்சாலும் தொடக்கூடாது. உங்க பிள்ளைங்களை நிறுத்திப் பார்த்து உயரத்தைச் சரிபண்ணிக்கங்க. "ஆளுக்கு ஒண்ணு, எல்லாருக்கும் ஒரே நேரம்"னு விதி சொல்லி விட்டுடுங்க. சின்னதுங்க தவிக்கும். அப்புறம் "என்ன பண்ணலாம்?"னு கேளுங்க. நம்ம ஊர்ப் பிள்ளைங்க வாயில முதல்ல தொரட்டிதான் வரும், அடுத்தது "அண்ணன் பறிச்சுக் கொடுக்கட்டும்", மூணாவது முக்காலி. கொஞ்சம் பொறுத்தா ஒருத்தர் "கயிறைக் கீழ இறக்கலாமே"ன்னு சொல்லிடுவாங்க. "அப்ப இவ்வளவு உயரத்துல கட்டினது யாரு?"ன்னு அங்க கேளுங்க. நீங்கதான் கட்டினீங்கன்னு எல்லாரும் உங்களைக் கை காட்டுறப்ப பாடம் பாதி முடிஞ்ச மாதிரி. நிஜத் தொரட்டி வேண்டாம், கண்ணுல படும். முக்காலியும் வேண்டாம், தள்ளுமுள்ளுல விழுவாங்க.

ஊத்தங்கரை_எண்சுவடி

மேல சொன்னது நல்ல செயல்பாடு. ஆனா வாரத்துக்கு ஒரு நாள் செயல்பாடு, மீதி அஞ்சு நாளும் கை தூக்கின அதே நாலு பேரைக் கேள்வி கேக்குறதுன்னா பிள்ளைங்க ரெண்டாவதைத்தான் கத்துக்குவாங்க.

18 ஐஸ் குச்சியில பேர் எழுதி ஒரு டம்ளர்ல போடுங்க. எடுத்த குச்சி ரெண்டாவது டம்ளருக்குப் போகணும், முதல் டம்ளர் காலியாகிற வரை திரும்ப வரக்கூடாது. குச்சியை அதே டம்ளர்ல போட்டுக் குலுக்கினா ஒரே பேரு ரெண்டு தடவை வந்து, "கள்ள ஆட்டை"ன்னு சத்தம் வரும், அதுவும் நியாயமான சத்தம்தான். வராத பிள்ளையோட குச்சி முதல் டம்ளர்லயே இருக்கட்டும். பேரைச் சொன்னதும் மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு வினாடிகூடக் காத்திருக்கிறதில்லைன்னும், மூணு வினாடி காத்திருந்தா பதில் நீளமா வருதுன்னும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-கள்லயே அளந்து காட்டியிருக்காங்க. மெதுவா யோசிக்கிற பிள்ளைக்கு அந்த மூணு வினாடிதான் பங்கு.

வேலைக்குச் சக்கரம். கல்யாணப் பத்திரிகை அட்டையில பெரிய வட்டம் ஒண்ணு, சின்ன வட்டம் ஒண்ணு வெட்டி, நடுவுல சட்டைப் பித்தான் வெச்சுத் தைச்சுடுங்க. உள்வட்டத்துல ஆறு வேலை: கூட்டுறது, பாய், தண்ணி, பலகை, வருகை, செருப்பு வரிசை. வெளிவட்டத்துல மூணு மூணு பேரா ஆறு குழு. திங்கட்கிழமைதோறும் ஒரு கட்டம் திருப்பணும். குழுவை நீங்களே பிரிங்க, பிள்ளைங்க கையில விட்டா தெரு தெருவா சேர்ந்துக்குவாங்க. ஒரு குழுவுல பொண்ணு, பையன், பெரிசு, சிறிசு கலந்து இருக்கணும்.

சக்கரம் வெச்சாலும் கூட்டுற குழுவுல பொண்ணு கூட்டும், பையன் முறத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். அதனால வேலையையும் மூணா உடைச்சுடுங்க: ஒருத்தர் கூட்ட, ஒருத்தர் அள்ள, ஒருத்தர் கொட்ட, தினமும் மாத்தி மாத்தி. "எம் பையன் கையில தொடப்பமா?"ன்னு ஒரு அம்மா வருவாங்க. சக்கரத்தைக் காட்டுங்க. இந்த வாரம் தொடப்பம், இன்னொரு வாரம் வருகைப் பதிவுன்னு பார்த்தா பேச்சு அடங்கிடும்.

நாலாம் அஞ்சாம் வகுப்புக்குக் குடக் கணக்கு கொடுங்க. பாட்டில் மூடி 12 எடுத்துக்கங்க, அதுதான் குடம். மூணு வீடு: ரெண்டு பேர், நாலு பேர், ஆறு பேர். குழாயில 12 குடம்தான் வருது. முதல்ல வீட்டுக்கு நாலுன்னு பிரிப்பாங்க. ஒரு தலைக்கு எவ்வளவுன்னு கேளுங்க: முதல் வீட்டுல ரெண்டு குடம், அடுத்ததுல ஒண்ணு, கடைசி வீட்டுல முக்கால் குடம்கூட இல்லை. உடனே கை தானா மூடிகளை நகர்த்தி 2, 4, 6-னு வெச்சுடும். அது முடிஞ்சதும் புதுச் சீட்டு போடுங்க: "ரெண்டு பேர் வீட்டுல ஒண்ணு கைக்குழந்தை", "ஆறு பேர் வீட்டுல போர் கிணறு இருக்கு". இதுக்கு ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு குழுவும் பிரிச்சுட்டு "ஏன்னா..."ன்னு ஒரு வாக்கியம் எழுதணும். பின்னம், வகுத்தல், நியாயம் மூணும் ஒண்ணாப் போயிடும்.

அரூர்_திண்ணை

டம்ளர் விஷயத்தை யாரும் தொடலை. நான் தொடுறேன்.

முதல்ல, வகுப்பு எங்க நடக்குது? கோயில் மண்டபத்துலயோ, ஊர்ப் பெரிய வீட்டுத் திண்ணையிலயோ நடந்தா, உள்ள வரத் தயங்குற பிள்ளை சில தெருவுல கண்டிப்பா இருக்கும். வந்தாலும் ஓரத்துல உட்காரும். அந்த இடத்துல உட்கார்ந்துக்கிட்டு எந்தச் செயல்பாடு செஞ்சாலும் ஒண்ணும் ஏறாது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஊராட்சி நூலகம், இந்த மூணுல ஒண்ணுக்கு மாறுங்க. தலைமையாசிரியர் கிட்டயும் பள்ளி மேலாண்மைக் குழு கிட்டயும் எழுதிக் கொடுத்துக் கேட்டா சாவி பொறுப்பை யார் ஏத்துக்கிறதுங்கிறதுதான் பிரச்சினையா வரும். அதுக்கும் ஆள் சொல்லிட்டே போங்க.

தண்ணிக்குக் குழாய் வெச்ச பாத்திரம் ஒண்ணு, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் நாலு. பேர் வெட்டின டம்ளர் வேண்டாம், பாத்திரக் கடையில பேர் வெட்டாம வாங்குங்க. கழுவுறது சக்கரத்துல வர்ற தண்ணிக் குழு. "ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரட்டும்"னு சுலபமா முடிச்சுக்கலாம்னு தோணும். முடியாது, பிரிவினை கண்ணுல படாமப் போகும், அவ்வளவுதான். பாட்டில் வாங்க முடியாத பிள்ளை வேற தனியாத் தெரியும்.

ஒரு பிள்ளை குடிக்க மறுத்தா எல்லார் முன்னாலயும் கேக்காதீங்க, திட்டாதீங்க. அது வீட்டுக் கட்டளையைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கு, அதோட தப்பில்லை. நீங்க அதே டம்ளர்ல தினமும் எல்லார் கண்ணு முன்னாலயும் குடிங்க. பொது டம்ளரை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துடாதீங்க.

பெத்தவங்க நேரா வந்து "அந்தப் பிள்ளைங்களுக்குத் தனியா வைங்க"ன்னா, தனியாளா வாக்குவாதம் பண்ண வேண்டாம். தீண்டாமையை அரசியலமைப்பு 17-ஆவது பிரிவு ஒழிச்சாச்சு, 1955-லயும் 1989-லயும் வந்த சட்டங்கள் அதுக்குத் தண்டனை வெச்சிருக்கு. "நான் தனியா வெச்சா என் மேலதான் வழக்கு வரும்"னு சொல்றது உண்மை, பேச்சையும் சுருக்கிடும். அதுக்கு மேலயும் போனா தலைமையாசிரியருக்குத் தெரியப்படுத்துங்க. பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைக்கு ஆபத்துன்னா 1098.

பென்னாகரம்_மாலைவகுப்பு

எல்லாருக்கும் நன்றி. இடத்தைப் பத்தி யோசிச்சே பார்க்கலை, தலைமையாசிரியர் கிட்ட பேசுறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். இந்தச் செயல்பாடு எல்லாம் அஞ்சு ஆறு வயசுக்கும் எடுபடுமா? அக்காக்களோட மூணு வயசு வாண்டுங்களும் வருது. ரெண்டாவது, நிஜத் தின்பண்டம் வெச்சுப் பங்கு போட வைக்கலாமா? பரிசு, நட்சத்திரம் ஒட்டுறது பத்தியும் சொல்லுங்க.

பருகூர்_குறிப்பேடு

வயது பற்றி ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே சொல்கின்றன. பீட்டர் பிளேக், கேத்ரின் மெக்காலிஃப் உள்ளிட்டோர் 7 நாடுகளில் நடத்திய ஆய்வு 2015-இல் நேச்சர் இதழில் வந்தது. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்து மிட்டாய்ப் பங்கைக் காட்டுவார்கள். முடிவெடுக்கும் பிள்ளை ஏற்கலாம், அல்லது இருவருக்குமே கிடைக்காதபடி மறுக்கலாம். தனக்குக் குறைவாக வந்தால் மறுப்பது எல்லா நாடுகளிலும் தெரிந்தது. தனக்கு அதிகமாக வந்தாலும் மறுப்பது, பெரிய பிள்ளைகளிடம், மூன்று நாடுகளில் மட்டும்: அமெரிக்கா, கனடா, உகாண்டா. இந்தியாவும் அந்த ஏழில் இருந்தது, இந்த மூன்றில் இல்லை. "எனக்கு ஏன் குறைச்சல்?" என்பது தானாக வரும், "எனக்கு ஏன் இவ்வளவு?" என்பதைப் பழக்கித்தான் வரவைக்க வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆறு முதல் எட்டு வயது இன்னொரு விதம். அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பேருக்கு ஐந்து அழிப்பான் என்றால் மிஞ்சிய ஒன்றை ஒருவருக்குக் கொடுப்பதைவிடக் குப்பையில் போடவே அந்த வயதுப் பிள்ளைகள் விரும்பினார்கள். ஒருவர் கூடுதலாக வேலை செய்தார் என்று சொன்னால் தயங்காமல் அவருக்குக் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை சாக்பீஸை உடைத்தே தீருவேன் என்று நின்றால் அது அடம் அல்ல, அந்த வயதின் கணக்கு. காரணம் சொல்லுங்கள், அது வேலை செய்யும். காரணம் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கண்ணாடி போட்ட பிள்ளையைக் காட்டி, "எல்லாருக்கும் கண்ணாடி மாட்டிவிடலாமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஐந்து வயதுக்கு இது போதும். குடக் கணக்கை ஒன்பது வயதுக்கு முன் எடுக்க வேண்டாம்.

தின்பண்டம் வைத்து ஏற்றத்தாழ்வு காட்டும் விளையாட்டு கூடவே கூடாது. பசியோடு வந்த பிள்ளைக்குக் குறைவான பங்கு வந்தால் அது பாடமாக இருக்காது, தண்டனையாகத்தான் இருக்கும். மூன்று வயது வாண்டுகள் இருப்பதால் நிலக்கடலை, புளியங்கொட்டை இரண்டையும் தவிர்க்கவும், மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். பெரிய பாட்டில் மூடியே நல்லது. உண்மையான பங்கீடு வேண்டுமென்றால் எல்லோருக்கும் போதுமான அளவு கடலை மிட்டாய் வாங்கி, மூன்று பேருக்கு ஒரு பட்டை கொடுத்து, உடைக்கிறவர் கடைசியாக எடுக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். உடைக்கும்போது அந்தப் பிள்ளையின் விரலைப் பாருங்கள்: பட்டையின் மேல் கோடு போட்டு, அளந்து, திருப்பி அளந்துதான் உடைக்கும். வாண்டுகளுக்குக் கடலை மிட்டாய்க்குப் பதில் வாழைப்பழத் துண்டு.

நரி கொக்குக்குத் தட்டில் விருந்து வைத்த கதை இந்த வயதுக்குப் பொருத்தம். ஆனால் முழுக்கச் சொன்னால் கொக்கு பழிவாங்கும் இடத்தில் கைதட்டி அதோடு விட்டுவிடுவார்கள். கொக்கு பசியோடு திரும்பும் இடத்தில் நிறுத்தி, ஒரு தட்டையும் ஒரு வாய் குறுகிய பாட்டிலையும் முன்னால் வைத்து, "நீ நரியா இருந்தா மேசையில என்னென்ன வைப்ப?" என்று கேளுங்கள்.

சுவரில் நட்சத்திரப் பட்டியல் வேண்டாம். வருகைக்குப் பரிசு என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் பெண்ணும், ஆடு ஓட்டிப்போகும் பையனும் எப்போதும் தோற்பார்கள். போன மாதம் படித்த பத்தியையும் இந்த மாதம் படித்த பத்தியையும் அவரவர் நோட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் ஒப்பீடு அவர்களோடேயே நடக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்து உட்கார வைப்பதையும் வாசிப்பு நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி நேரம் கலந்து உட்காரட்டும்.

தளி_எல்லை

எங்க பக்கத்துக்குச் சேர்த்துச் சொல்றேன், ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஆளுங்களுக்கும் ஆகும். வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுற பிள்ளை, மேல சொன்ன விவாதம் எல்லாம் தமிழ்ல மட்டும் நடந்தா வாயே திறக்காது. நாம அது ஒத்துக்கிச்சுன்னு நினைச்சுக்குவோம். முதல் 5 நிமிஷம் குழுவுக்குள்ள எந்த மொழியில வேணாலும் பேசட்டும், அப்புறம் ஒருத்தர் தமிழ்ல சொல்லட்டும். ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஒரே பிள்ளையை எப்பவும் மொழிபெயர்க்க விட்டுடாதீங்க, அது தன் கருத்தைச் சொல்ல நேரமே கிடைக்காது. குச்சி எடுத்து மாத்துங்க.

நேரமும் அப்படித்தான். 6.30 வரைங்கிறது ஊருக்குள்ள இருக்கிற பிள்ளைக்குச் சரி. காட்டோரக் கொட்டாயிலிருந்து வர்றவங்க ராகி அறுவடைக் காலத்துல இருட்டுக்கு முன்னால வீடு சேரணும், யானை நடமாட்டம் இருக்கும். அந்த மாசங்கள்ல 4.45-க்குத் தொடங்கி 5.45-க்கு எல்லாரையும் ஒண்ணா அனுப்புங்க. தூரத்துப் பிள்ளையை மட்டும் பாதியில எழுப்பி அனுப்பினா, கதை, விளையாட்டு எல்லாம் கடைசியில வைக்கிறதால அது தினமும் அதைத்தான் இழக்கும். நேரத்தை மாத்தவே முடியலைன்னா வரிசையையாவது மாத்துங்க: விளையாட்டு முதல்ல, வீட்டுப்பாடம் கடைசியில.